குழு மாறினால் பேஸ் கிட்டாரும் மாற வேண்டுமா? மலையில் வாசிப்பவர்களுக்கான உரையாடல் இழை

நான்காம் கம்பி (குன்னூர்):

25 ஆண்டுகளாகக் குன்னூரில் இருந்தபடி, பாடலின் கீழ்ச்சுரங்களைத் தாங்கும் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். தேவாலயக் கொயர், திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் போகும் மெல்லிசைக் குழு, படுகப் பாடல்களுக்கு வாசிக்கும் குழு, சீசன் மாதங்களில் ஊட்டி விடுதிகளில் புளூஸும் ராக்கும் வாசித்த மூவர் குழு என்று நான்கு வகை மேடைகளில் நின்றிருக்கிறேன். கற்க வரும் பிள்ளைகள் எல்லோரும் எந்த கிட்டார் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாம் சேரப்போகும் குழுவில் கீழ்ச்சுரங்களை ஏற்கெனவே யார் பிடித்திருக்கிறார்கள் என்பதே. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கம்பி, ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி), ஸ்பீக்கர் மூன்றும் தாமாகவே முடிவாகிவிடும். கிட்டாரை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. இதை விவரமாக எழுதிவைக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது 1999-இல் கோயம்புத்தூரில் பழையதாக வாங்கிய நான்கு கம்பிக் கருவி. ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் அமைப்பைப் பின்பற்றிச் செய்தது. கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் இரண்டு, 34 அங்குலக் கம்பி நீளம். அதே நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸும் இதே நீளம்தான். இரண்டு பிக்கப்பின் அளவையும் கூட்டிக் குறைத்தால் ஒரே கருவியில் நான்கைந்து குணங்களை வரவழைக்கலாம் என்பதால்தான் இது இத்தனை குழுக்களிலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கொயரிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கீழ்ச்சுரம் முழுவதும் ஆர்கனின் வசம் இருந்தது. கற்சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட கட்டடத்தில் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு விரலை எடுத்த பிறகும் அது சுவரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த சுரம் அதன் மேல் ஏறி விழுந்தால் இரண்டுமே குழம்பிப்போகும். ஆகவே வழவழப்பான, ஒலி மந்தமாக வரும் தட்டைச் சுற்றுக் கம்பி போட்டேன், 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 60 வாட் ஆம்ப் ஒன்றைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேல் வைத்தேன், ஒவ்வொரு சுரத்தையும் அதன் காலம் முடியும் முன்பே இடக்கையால் அணைக்கக் கற்றேன். தரையையும் மூலையையும் விட்டு ஸ்பீக்கரை விலக்கினால் கீழ் ஒலியின் வீக்கம் குறையும் என்பதைப் பாதிரியார் ஒருவர் முகம் சுளித்ததற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மெல்லிசைக் குழுவின் கணக்கு வேறு. அங்கே டோலக், தபேலாவின் டக்கா, ரிதம் பேடின் கிக், கீபோர்டுக்காரரின் இடக்கை ஆகிய நால்வரும் ஒரே அடுக்கில் நிற்கிறார்கள். அதே சமயம் இளையராஜாவின் 1980-களின் பாடல்களை வாசிக்கும்போது, பேஸ் என்பது பாடகருக்கு அருகில் நடக்கும் இரண்டாவது குரல். அந்த ஓட்டத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள் கூட்டத்தில் பலர் இருப்பார்கள். ஒரு சுரம் தவறினால் முன்வரிசையில் தலை திரும்புவதை மேடையிலிருந்தே பார்க்கலாம். எனவே அந்தக் குழுவுக்கு ஒலி பளிச்சென்று வரும் உருண்டைச் சுற்றுக் கம்பி, பாலத்துக்கு (கம்பிகள் கிட்டாரின் உடலில் ஊன்றும் இடம்) அருகில் உள்ள பிக்கப் முழு அளவில், ஆம்பில் கீழ் ஒலியைக் குறைத்து நடு ஒலியைக் கூட்டிய அமைப்பு. கீழ் ஒலியைக் கூட்டினால்தான் பேஸ் கேட்கும் என்று எண்ணிப் பத்து ஆண்டுகள் வீணடித்தேன். சுரத்தின் முகம் நடு ஒலியில்தான் தெரிகிறது.

படுகர் திருமணங்களில் ஹட்டியின் (படுகர் ஊர்) திறந்தவெளியில் வட்டமாக நின்று ஆடுவார்கள். ஒரு பாடல் எளிதில் முடியாது. ஆடுபவரின் கால் சோராதபடி ஒரே நடை நெடுநேரம் நிற்க வேண்டும். அங்கே சுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் கனமாக, அசையாமல் வைப்பதே பேஸின் வேலை. சுவரே இல்லாத இடத்தில் கீழ் ஒலி எங்கும் மோதித் திரும்பாமல் பள்ளத்தாக்கை நோக்கிப் போய்விடும் என்பதால், மண்டபத்தில் போதுமாக இருந்த ஆம்ப் அங்கே பொம்மைபோல் ஆகிவிடும். ஆம்பின் ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதனால் வாட் கூட்டுவதைவிட ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது நல்ல வழி என்று 15 அங்குலப் பெட்டி ஒன்றைச் சேர்த்தேன்.

மூவர் குழுவில் கிட்டாரும் டிரம்ஸும் நானும் மட்டுமே. கிட்டார்க்காரர் தனி வாசிப்புக்குப் போகும்போது பின்னால் திறக்கும் வெற்றிடம் முழுவதையும் நான் ஒருவனே நிரப்ப வேண்டும். 1960-களின் பிரிட்டிஷ் மூவர் குழுவான கிரீமில் ஜாக் புரூஸ் குட்டைக் கழுத்துள்ள கிப்சன் ஈபி-3 கருவியை மார்ஷல் ஆம்புகளில் கரகரக்கும்வரை ஏற்றி வாசித்ததன் காரணம் அந்த மேடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு சீசனில், பழைய ரேடியோபோல் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அது 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி-யின் வழிவந்த 300 வாட் வகை. அதன் சூடான, சற்றே உடைந்த ஒலியை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் ஸ்பீக்கர் இல்லாத தலைப்பெட்டி மட்டும் 35 கிலோவுக்கு மேல். எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி 60 கிலோவைத் தாண்டும். ஊட்டியில் படிக்கட்டு இல்லாத விடுதி ஏது? நான்கு பேர் தூக்கினோம், இரண்டு மேடைகளோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் வைத்திருக்கும், எடை குறைந்த புதிய வகையான கிளாஸ்-டி ஆம்ப் மூன்று கிலோகூட இல்லை, தோள்பையில் போகிறது.

ஓர் இழப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு திருமண மண்டபத்தில் கச்சேரி நடுவே நியூட்ரல் அறுந்து, மும்முனை இணைப்பின் ஒரு முனையில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது. மேடை விளக்குகள் வெள்ளையாகப் பளீரிட்டன. என் ஆம்பின் பின்புறக் காற்றுத் துளைகளிலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. கையில் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது, ஒலி மட்டும் இல்லை. மண்டபத்தார் பொறுப்பேற்கவில்லை. அன்று முதல் மல்டிமீட்டர் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. பிளக்கில் 210 வோல்ட்டுக்குக் கீழோ 250-க்கு மேலோ காட்டினால் ஆம்பை இணைக்க மாட்டேன்.

மற்ற மலைவாசிகளின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

கோடை மூடுபனி (கொடைக்கானல்):

ஐயா, தங்கள் பதிவை இருமுறை படித்தேன். குழுவுக்கு ஏற்பக் கீழ்ச்சுரத்தின் இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஒரே கருவி போதும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கம்பியை மாற்றினால் கருவி மாறிவிடும் என்றால், வாரத்தில் ஞாயிறு காலை கொயரும் மாலை கச்சேரியும் இருப்பவர் என்ன செய்வார்? தட்டைச் சுற்றுக் கம்பியின் இழுவிசை பொதுவாக அதிகம்; அதைக் கழற்றி மென்மையான கம்பி போட்டால் கழுத்தின் வளைவு மாறும், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருக வேண்டும், பாலத்தில் ஸ்வரஸ்தானத்தைச் சரிபார்க்க வேண்டும். வாரம் இருமுறை இதைச் செய்தால் கருவி தாங்காது. நான் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டும் விலை குறைந்தவை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிகூட 1961-இல் வாங்கிய ஹாஃப்னர் பேஸின் இலேசான, உள்ளீடற்ற ஒலியோடு நின்றுவிடாமல், பின்னர் ஒலிப்பதிவுகளுக்கு ரிக்கன்பேக்கரை எடுத்தார். பின்னர் அமைத்த விங்ஸ் குழுவின் மேடைகளிலும் அவர் கையில் அதுதான் இருந்தது. குழு மாறியபோது கருவியும் மாறியது.

மலைக்கே உரிய தொல்லையைத் தாங்கள் தொடவில்லை. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பனியும் மழையும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். என் கருவியின் கழுத்து அந்த மாதங்களில் முன்னோக்கி வளைந்து, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கத் தொடங்கும். பிப்ரவரி வெயிலில் அது தணிந்து ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி உரசும். ஆண்டுக்கு இருமுறை நானே சரிசெய்கிறேன். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு இலேசாக உரசிச் செல்லும் இடைவெளி இருந்தால் போதும். டிரஸ் ராடைத் திருகும் ஆலன் கீயை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. திருகியபின் ஓரிரவு பொறுக்க வேண்டும். கருவியைச் சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கெட்டிப் பெட்டியில் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மைக் செட் (கோத்தகிரி):

நான் வாசிப்பவன் அல்லன். வாசிப்பவர்களுக்கு ஒலி அமைப்பவன். எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, பேஸ் கிட்டார்க்காரர் மேடையில் தம் ஆம்பை எவ்வளவு குறைவாக வைக்கிறாரோ அவ்வளவு நன்றாக அவரை நான் கூட்டத்துக்குக் கொண்டுசேர்க்க முடியும். அவருடைய ஆம்ப் அவருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். மீதி வேலையை டிஐ பாக்ஸ் (கிட்டாரின் ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸரில் நான் பார்த்துக்கொள்வேன். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஒலிப்பதிவில் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸிங் மேசையில்தான் கிட்டாரைச் செருகினார். 1962-ஆம் ஆண்டின் ஒரு பிரிசிஷன் பேஸ், மாற்றாமலே வைத்திருந்த தட்டைச் சுற்றுக் கம்பி, ஒற்றை ஆள்காட்டி விரல், இவ்வளவே அவர் முதல்.

டிஐ பாக்ஸ் வாங்கத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடங்களில் எர்த் சரியாக இருப்பது அரிது. ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டையும் சாதாரணக் கேபிளால் இணைத்தால், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வு) ரீங்காரம் ஒலிபெருக்கியில் ஏறிவிடும். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட் 49 ஹெர்ட்ஸ். ஒருமுறை ஒலி சரிபார்க்கும்போது வாசிப்பவர் அந்தச் சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். ரீங்காரமும் சுரமும் ஒன்றோடொன்று மோதி, வினாடிக்கு ஒருமுறை ஒலி வீங்கி வடிந்தது, மூச்சு விடுவதுபோல. அவர் கருவியில்தான் பழுது என்று எண்ணி அரை மணி நேரம் டியூன் செய்துகொண்டிருந்தார். டிஐ பாக்ஸில் எர்த்தைப் பிரிக்கும் சிறிய பொத்தானை அழுத்தியதும் அடங்கிவிட்டது. அந்தப் பொத்தானுக்குப் பதிலாக ஆம்பின் பிளக்கில் எர்த் முனையைப் பிடுங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும் தொழில் இது. அந்த வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஜாஸ் பேஸ் வகை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் இரண்டு பிக்கப்பும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கும். ஒன்றைக் குறைத்த உடனே ரீங்காரம் எழும். பிரிசிஷன் வகையில் 1957 முதல் வரும் இரட்டைத் துண்டுப் பிக்கப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

மலை உயரத்தையும் மறக்க வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியே குளிராக இருந்தாலும், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் ஆம்பின் மின்விசிறி அதே வேகத்தில் சுற்றிக் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். சமவெளியில் தாங்கிய ஆம்ப் இங்கே தானாக அணைந்தால் வியப்படைய வேண்டாம், அதன் பின்புறத்தைத் திரைச்சீலையோடு ஒட்டி வைக்காதீர்கள். இரவில் ஜீப்பில் குளிர்ந்து வந்த ஆம்பை மண்டபத்தின் வெப்பத்துக்குள் கொண்டுவந்த உடனே இயக்குவதும் தவறு. உள்ளே இருக்கும் உலோகத்தில் நீர் கோத்திருக்கும். அரை மணி நேரம் திறந்துவைத்து, பிறகு இயக்குங்கள்.

புதிய விரல் (கூடலூர்):

எல்லோருக்கும் வணக்கம். நான் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கைவசம் நான்கு கம்பிக் கருவியும், வீட்டில் பழகும் 15 வாட் ஆம்பும் உள்ளன. இப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் அழைத்திருக்கிறார்கள். 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். குழுவின் கீபோர்டு அண்ணன் ஐந்து கம்பிக் கருவி வாங்கச் சொல்கிறார், பாடகிக்கு ஸ்கேலை (சுருதியை) இறக்கும்போது நான்கு கம்பியில் சுரம் எட்டாது என்கிறார். ஆம்ப் வாங்குவதா, ஐந்து கம்பி வாங்குவதா என்று தெரியவில்லை. பழகும் ஆம்பை மேடையில் முழு அளவில் வைத்துப் பார்த்தேன், தடித்த கம்பியை மீட்டினால் டப் டப் என்று காகிதம் கிழிவதுபோல் கேட்கிறது.

நான்காம் கம்பி (குன்னூர்):

கோடை மூடுபனி அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே நாளில் இரு குழுக்களுக்கு வாசிப்பவருக்கு இரண்டு கருவிகள் தேவைதான். எனக்கு அந்த நிலை வராததால் அப்படி எழுதிவிட்டேன். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜேக்கோ பஸ்டோரியஸ் தம் 1962 ஜாஸ் பேஸிலிருந்து ஃபிரெட்டுகளை நீக்கி, விரல் பலகையில் எபாக்சி பிசின் பூசி, அக்கூஸ்டிக் 360 ஆம்பில் வாசித்த அந்தப் பாடும் ஒலியும் கம்பியை மாற்றிக் கிடைப்பதன்று. கமகம் மிகுந்த பாடல்களுக்கு ஃபிரெட் இல்லாத கருவி ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கும் நெடுநாளாக உண்டு.

தம்பி கூடலூருக்கு: நீ கேட்ட அந்தக் கிழியும் ஓசைதான் உன் கேள்விக்கு விடை. நான்கு கம்பிப் பேஸின் ஆகக் கீழ்ச்சுரம் 41 ஹெர்ட்ஸ். பழகும் ஆம்பின் எட்டு அங்குல ஸ்பீக்கரால் அந்த அளவு காற்றை நகர்த்த முடியாது. கூம்பு தன் எல்லையைத் தாண்டித் துடிக்கிறது. ஐந்தாவது கம்பியோ 31 ஹெர்ட்ஸில் தொடங்குவது. 41-ஐயே தாங்காத பெட்டியில் 31-ஐ வாசித்தால், விலை கொடுத்து வாங்கிய அந்தக் கம்பியை உன்னைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை. கீபோர்டு அண்ணன் சொல்லும் காரணம் உண்மையானது. ஆனால் அதற்கு இப்போதைக்குச் செலவில்லாத வழிகள் உண்டு. எட்டாத சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம். ஒரு கச்சேரி முழுவதும் ஸ்கேல் இறங்கியே இருக்குமானால், தடித்த நான்காம் கம்பியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி டியூன் செய்துகொள்ளலாம். விரல் இடங்கள் அந்த ஒரு கம்பியில் மட்டும் இரண்டு ஃபிரெட் தள்ளிப்போகும், ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

ஆகவே முதலில் டிஐ பாக்ஸ் ஒன்றும், நல்ல கேபிள் இரண்டும், ஒரு டியூனரும் வாங்கிவிடு. மிச்சப் பணத்தில் 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ் ஆம்ப் ஒன்றைப் பழையதாகத் தேடு. பார்க்கப் போகும்போது உன் கிட்டாரையே எடுத்துச் செல். தடித்த கம்பியை முழு அளவில் மீட்டி, கையை ஸ்பீக்கர் வலைமேல் வைத்துப் பார். காற்று சீராக வர வேண்டும், கரகரப்பு விரலில் தட்டுப்படக் கூடாது. தனி ஸ்பீக்கர் பெட்டி வாங்கினால் அதன் ஓம் அளவையும் (மின்தடை) பார்க்க வேண்டும்: 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் ஆம்புக்கு அது 4 ஓம் ஆகத் தெரியும், அதற்குக் கீழே போக எல்லா ஆம்பும் அனுமதிப்பதில்லை. கிட்டார்க் கேபிளை ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையே போடாதே. அந்த மெல்லிய கம்பி சூடேறும். அதற்கென்று தனிக் கேபிள் உண்டு.

உன் ஊருக்கென்று ஒரு செய்தி. ஃபெண்டர் நிறுவனம் 1960-களிலிருந்து விரல் பலகைக்குப் பயன்படுத்தும் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தின் இனம்தான். உங்கள் பகுதியின் தோட்டங்களில் ஓங்கி நிற்கும் அதே மரம். பன்னாட்டு வணிகத்தில் அதற்கு 2017 முதல் கட்டுப்பாடு வந்து, 2019-இல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்வு கிடைத்தது. உன் கருவியின் பலகை கரும்பழுப்பாக, நீண்ட கோடுகளோடு இருந்தால் ஈட்டியாக இருக்க வாய்ப்புண்டு. கம்பி மாற்றும்போதெல்லாம் உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மிக மெல்லிதாக எண்ணெய் தடவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊரில் கொட்டும் மழைக்கு, கோடை மூடுபனி சொன்ன சிலிக்கா ஜெல் யோசனையை அப்படியே பின்பற்று.

ஞாயிறு வாசிப்பு (ஊட்டி):

கொயரைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். குழாய் ஆர்கனில் காலால் மிதிக்கும் கட்டைகளின் ஆழமான வரிசை ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; நான்கு கம்பிப் பேஸ் அதற்குக் கீழே போகவே முடியாது. எனவே ஆர்கன் முழங்கும் பாடல்களில் நான் வாசிப்பதையே நிறுத்திவிட்டேன். கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் மட்டும் உள்ள தமிழ்க் கீர்த்தனைகளில் நுழைகிறேன். பாடலின் இரண்டாவது சரணத்தில் பேஸ் சேரும்போது சபையின் குரல் தானாகவே உயர்வதை ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். முதல் சரணத்திலேயே நுழைந்திருந்தால் அது நடந்திருக்காது.

நான்காம் கம்பி (குன்னூர்):

எந்த இடத்தில் வாசிக்காமல் இருப்பது என்பதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். நன்றி. படுகப் பாடல்களிலும் தொடக்கத்தில் குரலும் தாளமும் மட்டும் ஒரு சுற்று போய்வர விட்டு, ஆட்டக்காரர்கள் வட்டம் கூடிய பிறகே நான் சேர்வேன்.

புதிய விரல் (கூடலூர்):

ஐயா, தாங்கள் சொன்னபடியே செய்தேன். டிஐ பாக்ஸ், கேபிள், டியூனர் வாங்கியதுபோக மீதிப் பணத்தில், 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய ஆம்ப் ஒன்று சுல்தான் பத்தேரியில் கிடைத்தது. வலைமேல் கை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நேற்று ஒத்திகையில் நான்காம் கம்பியை ஒரு சுரம் இறக்கி வாசித்தேன். இரண்டு இடங்களில் விரல் தவறியது. பாடகி அக்கா கண்டுபிடித்துவிட்டார், கீபோர்டு அண்ணனுக்குத் தெரியவில்லை. டோலக் வாசிப்பவர் தம் இருக்கையை என் ஆம்புக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, இனி இங்கேயே உட்கார்கிறேன் என்றார். மூன்றாவது ஃபிரெட்டை நீளமாகப் பிடித்துப் பார்த்தேன்; ரீங்காரம் எதுவும் இல்லை.